முதலில் காகிதம், அப்புறம் தண்ணீர், கடைசியில் பெயின்ட்: நெல்லைச் சீமையில் பழைய வீட்டைச் சரிசெய்து, விற்று, வீடு மாற ஒரு முழு வழிகாட்டி

எங்கள் வீடு திருநெல்வேலி டவுனில், ரத வீதியிலிருந்து பிரியும் ஒரு முடுக்குக்குள் இருந்தது. தாத்தா வாங்கியது. திண்ணை, தார்சா (முன்கூடம்), பட்டாசல் (நடுக்கூடம்), ரெண்டாங்கட்டு, அடுக்களை, புறவாசல் என்று ரயில் பெட்டி மாதிரி நீளமாகப் போகும். அதை விற்றுவிட்டு பாளையங்கோட்டைப் பக்கம் குடிபோகலாம் என்று முடிவானதும் நான் செய்த முதல் காரியம், பெயின்டரைக் கூப்பிட்டது. முக்கால் லட்சம் செலவு.

வீடு பார்க்க முதலில் வந்த பெரியவர் எதையும் அண்ணாந்து பார்க்கவில்லை. தார்சாவில் நின்றுகொண்டு, முழங்கால் உயரத்தில் சுவரில் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். கையை எடுத்தபோது ரேகைகளில் வெள்ளை மாவாக உப்பு ஒட்டியிருந்தது. பெயின்ட் அடித்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. "தம்பி, பெயின்ட்லாம் நல்லாத்தான் அடிச்சிருக்கீய. பத்திரம் யார் பேர்ல இருக்கு?" என்றார். பத்திரம் தாத்தா பேரில் இருந்தது. தாத்தா போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

அதற்கப்புறம் வீடு விற்க ஒன்றரை வருடம் ஆனது. நான் தலைகீழாகச் செய்ததை நேராகச் செய்தால் எப்படி இருக்கும் என்பதுதான் கீழே உள்ள வரிசை.

காகிதம்: இதற்கு மட்டும் ஆறு மாதம் வையுங்கள்

ஒரு சாயங்காலம் உட்கார்ந்து, டிரங்குப் பெட்டியில் இருக்கும் எல்லாப் பத்திரங்களையும் பாயில் பரப்புங்கள். பழசிலிருந்து புதுசுக்கு வரிசைப்படுத்துங்கள். யார் யாருக்கு விற்றார், யார் யாருக்குப் பாகம் பிரித்தார், எங்கே உயில், எங்கே தானசெட்டில்மென்ட் என்று ஒரு தாளில் சங்கிலி மாதிரி எழுதுங்கள். ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தாலும் வாங்குபவருக்குக் கடன் கொடுக்கும் வங்கியின் வக்கீல் அதைத்தான் பிடிப்பார். மூலப்பத்திரம் தொலைந்திருந்தால், காவல் நிலையத்தில் புகார், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று, பத்திரிகையில் விளம்பரம், பதிவு அலுவலகத்தில் சான்றிட்ட நகல் என்று ஒரு சுற்று இருக்கிறது. அதை இப்போதே தொடங்குங்கள்; ஆள் வந்த பிறகு தொடங்கினால் ஆள் போய்விடுவார்.

அடுத்து வில்லங்கச் சான்று, அதாவது சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாவற்றையும் காட்டும் பட்டியல். பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். முப்பது வருடத்துக்காவது பாருங்கள். உங்கள் வீட்டைப் பற்றி உங்களுக்குத் தெரியாத எதுவும் அதில் இருக்காது என்று நினைப்பீர்கள். எங்கள் சொந்தத்தில் ஒருவர் வீட்டுக்கடனைக் கட்டி முடித்து, வங்கியிலிருந்து பத்திரத்தையும் வாங்கி வந்துவிட்டார். ஆனால் பத்திரம் ஒப்படைத்து அடமானம் வைத்த பதிவு வில்லங்கத்தில் அப்படியே நின்றது. கடன் தீர்ந்ததற்கான ரசீதை வங்கி பதிவு செய்து கொடுத்தால்தான் அந்தப் பதிவு சரியாகும். கடன் முடிந்த வாரத்திலேயே அதைக் கேட்டு வாங்குவது சுலபம். பல வருடம் கழித்துக் கிளை மாறி, மேலாளர் மாறி, பழைய கோப்பு கிடங்குக்குப் போன பிறகு கேட்பது பெரிய அலைச்சல்.

இனி எல்லா வீடும் தடுக்கி விழுகிற இடம்: வாரிசு. வாரிசுச் சான்றிதழை தாசில்தார் அலுவலகத்தில் வாங்குகிறோம். அதில் இருக்கும் பெயர்கள் மட்டும்தான் உரிமைக்காரர்கள் என்று நினைத்துவிடுகிறோம். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஒரு ஆண் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன், மகள் ஆகியோரோடு அவருடைய அம்மாவுக்கும் சம பங்கு உண்டு. இதைப் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். சொத்து அப்பா பேரில் இருந்து, அப்பா போனபோது அவரைப் பெற்ற ஆச்சி உயிரோடு இருந்திருந்தால் ஆச்சிக்கு ஒரு பங்கு. பிறகு ஆச்சியும் உயிலில்லாமல் போய்ச் சேர்ந்தால், அந்தப் பங்கில் உங்கள் அத்தைமாருக்கும் பாகம் வந்துவிடும். அத்தை தூத்துக்குடியில் இருந்தாலும் சரி, துபாயில் இருந்தாலும் சரி, கையெழுத்து வேண்டும். கல்யாணம் பண்ணிக் கொடுத்தாச்சு, சீர் செய்தாச்சு என்பது வீட்டுப் பேச்சு. பதிவு அலுவலகத்தில் அது செல்லாது. 2005 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பூர்வீகச் சொத்திலும் மகளுக்கு மகனுக்கு நிகரான உரிமை.

வழி இரண்டு. எல்லோரும் ஒரே கிரயப் பத்திரத்தில் விற்பவர்களாகக் கையெழுத்துப் போடலாம், இதுதான் எளிது. இல்லையென்றால் மற்றவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து ஒருவர் பேருக்கு எழுதும் விடுதலைப் பத்திரம். குடும்பத்தாருக்குள் என்றால் முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 1, அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் நூற்றுக்கு 1, அதிகபட்சம் 10,000. எந்தெந்த உறவுக்கு இந்தச் சலுகை என்பதைப் பத்திர எழுத்தரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அண்ணன் தம்பி, அக்கா தங்கைக்குப் பொருந்துவது அத்தைக்கும் பொருந்தும் என்று எண்ணிவிட வேண்டாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்பினால், அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும். தபால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள். வந்த தேதி அதில்தான் இருக்கும்.

பட்டா, புலப்படம், சொத்து வரி ரசீது மூன்றையும் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். பழைய பத்திரங்களில் அளவு தச்சு முழத்தில் இருக்கும், பட்டாவில் மீட்டரில் இருக்கும். ஒரு நில அளவையரை வைத்து நான்கு எல்லையையும் அளந்து ஒரு வரைபடம் போட்டுக்கொள்வது நல்லது. ஊர்ப் பெயரில் ஒரு சின்னக் குழப்பமும் வரும். 1986-இல் தூத்துக்குடியும் 2019-இல் தென்காசியும் தனி மாவட்டங்களானதால், பத்திரத்தில் திருநெல்வேலி என்றும் பட்டாவில் தென்காசி என்றும் இருக்கலாம். அது பிழை இல்லை. ஆனால் வெளியூரிலிருந்து வாங்க வருபவர் பயப்படுவார், நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

நம் பக்கத்துக்கே உரிய இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று கோயில் மனை. தாமிரபரணிக் கரையில் கோயிலுக்கும் மடத்துக்கும் சொந்தமான இடங்கள் நிறைய. கட்டடம் நம்முடையது, மண் கோயிலுடையது, வருடா வருடம் மனை வாடகை கட்டுகிறோம் என்றால், அந்த இடத்தை நீங்கள் கிரயம் பண்ண முடியாது. பதிவு அலுவலகத்திலேயே நிறுத்திவிடுவார்கள். தாத்தா காலத்து வாடகை ரசீது ஏதாவது பெட்டியில் கிடந்தால், முதலில் அந்தக் கேள்வியைத் தீர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வளவு. ஒரே வாசலுக்குள் ஐந்தாறு வீடு, பொதுக் கிணறு, பொதுச் சுவர், பொது நடை. உங்கள் பத்திரத்தில் நடைபாதை உரிமையும் கிணற்று உரிமையும் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். "காலங்காலமா இப்படித்தான் போறோம்" என்பது பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை வராத வரைக்கும்தான்.

தண்ணீர்: மேலிருந்து வருவது, கீழிருந்து ஏறுவது, ஆற்றிலிருந்து வருவது

காகித வேலை நடந்துகொண்டிருக்கும்போதே இதைத் தொடங்கலாம்.

முதலில் மட்டப்பா, அதாவது மொட்டைமாடித் தளம். பழைய வீடு என்றால் கட்டை உத்திரம், மேலே செங்கல், அதற்கு மேல் சுண்ணாம்புச் சல்லி, தட்டோடு (தட்டை ஓடு). ஒழுகுகிறதா என்று பார்க்க வடிகாலை அடைத்துத் தண்ணீர் கட்டிப் பார்க்கச் சொல்வார்கள். கான்கிரீட் தளத்துக்கு அது சரி. கட்டைத் தளத்தில் செய்யாதீர்கள். ஆயிரம் சதுர அடியில் இரண்டு அங்குலம் தண்ணீர் நின்றால் அதன் எடை ஏறக்குறைய நாலே முக்கால் டன். அதற்குப் பதிலாக, கட்டையின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். கட்டையின் நடுப்பகுதி இரும்பு மாதிரி இருக்கும்; சுவருக்குள் இருக்கும் ஒரு சாண்தான் முதலில் இற்றுப்போகும். உள்ளே இறங்கினால் பெயின்ட் பேச்சையே விட்டுவிட்டு, நல்ல ஆசாரியைக் கூப்பிடுங்கள். அது தங்குகிற வீட்டுக்கும் பொருந்தும், விற்கிற வீட்டுக்கும் பொருந்தும்.

தட்டோடு இடுக்கில் வெடிப்பு இருந்தால் பங்குனி, சித்திரையில் பூசுங்கள். ஆனி, ஆடியில் மேற்கே கணவாயிலிருந்து வரும் காற்று பூச்சைக் காயவைத்துவிடும். ஈரம் குடிக்காமல் காய்ந்த பூச்சு மயிரிழையாக வெடிக்கும். அந்த மாதத்தில் செய்தே ஆகவேண்டும் என்றால் நனைத்த சாக்கைப் போர்த்தி, நாளுக்கு நான்கு தடவை தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் மட்டப்பாவில் கை வைக்கவே வேண்டாம்.

அடுத்து ஓதம். அந்தப் பெரியவர் கையில் ஒட்டியது இதுதான். பழைய அஸ்திவாரத்தில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு கிடையாது. மண்ணில் இருக்கும் ஈரம் செங்கல் வழியாக மேலேறும், கூடவே உப்பையும் கொண்டுவரும். சுவரின் முகத்தில் ஈரம் காய்ந்துபோகும், உப்பு தங்கிவிடும். சுண்ணாம்புப் பூச்சு இருக்கும்வரை சுவர் மூச்சு விடும். அதைக் கொத்திவிட்டு சிமென்ட் பூசினால் ஈரம் வெளியே வர இடமில்லாமல் இன்னும் இரண்டடி மேலே ஏறிப் பூக்கும். எங்களுக்கு நடந்தது அதுதான். முன்பு ஒரு கான்ட்ராக்டர் 'நிரந்தரத் தீர்வு' என்று சொல்லி மூன்றடி உயரத்துக்கு சிமென்ட் பூசிவிட்டுப் போனார். அடுத்த கார்த்திகையில் ஓதம் ஐந்தடியில் நின்றது.

சரி, என்ன செய்ய வேண்டும்? ஓதக் கோட்டுக்கு ஓரடி மேல் வரை பூச்சைக் கொத்தி எடுத்துவிடுங்கள். ஒரு கோடை முழுக்கச் செங்கல் காயட்டும். பூத்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, பெருக்கி எடுத்து வெளியே கொட்டுங்கள்; தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு திரும்பச் சுவருக்குள்ளேயே போகும். பிறகு சுண்ணாம்புப் பூச்சு, அதன் மேல் வெள்ளை. இதோடு காரணத்தையும் தேடுங்கள். எங்கள் வீட்டில் பாதி ஓதத்துக்குக் காரணம் அங்கணக்குழி. அடுக்களைக் கழிவுநீர் போகும் கல் கால்வாய் நடுவில் விட்டுப்போய், வருடக்கணக்கில் சுவருக்கு அடியிலேயே தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக் குழாய் போட்டு மாற்ற ஒரு கொத்தனார், ஒரு சித்தாள், ஒன்றரை நாள். அவ்வளவுதான்.

மூன்றாவது, ஆறு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழைக்குப் பிறகு இந்தப் பக்கம் வீடு வாங்க வருகிற எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" ஜங்ஷன் பேருந்து நிலையமும் கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீசும் தண்ணீரில் நின்றதைப் பார்த்தவர்கள் அவர்கள். கொஞ்சம் வயதானவர் என்றால் 1992 வெள்ளத்தையும் சேர்த்துக் கேட்பார். மழுப்பாதீர்கள். தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள், அப்புறம் நீங்கள் சொல்லும் எதையும் நம்பமாட்டார். நான் கடைசியில் பட்டாசல் தூணில் தண்ணீர் நின்ற மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, தேதியையும் எழுதிவைத்தேன். வாங்கியவர் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு, மீட்டர் பெட்டியையும் பிளக் பாயின்ட்டுகளையும் அதற்கு மேலே ஏற்ற எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட ஆரம்பித்தார். பேரம் அப்படித்தான் தொடங்கியது.

செய்ய வேண்டிய சில, செய்யவே கூடாத பல

மின்சாரம்: பழைய வயரிங் இருந்தால் மாற்றிவிடுங்கள். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி, 30 மில்லி ஆம்பியர் அளவில் ஒன்று வையுங்கள். நல்ல எர்த் போடுங்கள். ஓதச் சுவரில் சுவிட்ச் போர்டு இருக்கும் வீட்டில் இது உயிர் விஷயம்.

கதவு நிலையிலும் கைமரத்திலும் கறையான் இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். கழிப்பறை ஒன்றாவது வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். புறவாசலுக்கு நடந்து போகும் வீட்டை இளவயதுக்காரர்கள் வாங்கத் தயங்குகிறார்கள்.

மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங், கிரானைட், வாசலில் எஸ்எஸ் கேட் இதெல்லாம் வேண்டாம். டவுன் வீடு வாங்குகிறவர்களில் பலர் இடத்துக்காக வாங்குகிறார்கள். உங்கள் கிரானைட்டை முதல் மாதமே பெயர்ப்பார்கள். தேக்குக் கதவையும் தூணையும் எடுத்துவிட்டு ஃப்ளஷ் டோர் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். வயிறெரிந்துதான் சொல்லுதேன், அந்தத் தூண்தான் அந்த வீட்டில் விலை போகும் சாமான்.

பெயின்ட்? எல்லாம் முடிந்து, சுவர் காய்ந்த பிறகு, வெள்ளை அடித்தால் போதும்.

விலை, ஆள், அட்வான்ஸ்

பதிவுக்காக அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு ஒன்று, தெரு விலை ஒன்று. இரண்டையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. பழைய வீட்டில் மண்ணுக்கும் கட்டடத்துக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தரகர் சொல்லும் விலை எவ்வளவு தூரம் சரி என்று தெரியும். தரகுக் கமிஷன் பொதுவாக நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு. யார் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பதை வாய்மொழியாக விடாமல் முதலிலேயே பேசிவிடுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் முடிவு சொல்லமாட்டார்கள். தை முதல் வைகாசி வரை ஆள் வரும், பிள்ளைகளுக்குப் பள்ளி திறப்பதற்குள் குடிபோகப் பார்ப்பார்கள்.

ஒப்பந்தம் பேசியதும் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் அது கட்டாயம். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி இரண்டு சாட்சி போட்டால் போதும் என்று சொல்லும் தரகரை நம்பாதீர்கள். அட்வான்ஸ் வங்கி வழியாகவே வரட்டும். வீடு, மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வருமான வரிச் சட்டப்படி வாங்கிய தொகைக்குச் சமமாக அபராதம் வரலாம். விலையைக் குறைத்துக் காட்டி மீதியைக் கையில் தருகிறேன் என்பார் சிலர். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக நூற்றுக்கு 9 அவர் செலவு. மிச்சம் அவருக்கு, தலைவலி உங்களுக்கும் சேர்த்து. (பெண் பேரில் 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரை வாங்கினால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. வாங்குபவரிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.)

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், வாங்குபவர் ஒரு சதவீதம் வரி பிடித்துத்தான் மீதியைத் தருவார். விற்பவர்களில் ஒருவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் இந்தக் கணக்கே வேறு, பிடித்தம் அதிகம். ஒப்பந்தத்துக்கு முன்பே ஆடிட்டரைப் பாருங்கள். லாபத்துக்கு வரி 12.5 சதவீதம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடாக இருந்தால், பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதம் என்ற பழைய கணக்கையும் போட்டுப் பார்த்து எது குறைவோ அதைக் கட்டலாம். 2001-க்கு முந்தைய வீடு என்றால், அந்த வருடம் ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ள முடியும். அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக்கூடாது. லாபத்தை இரண்டு வருடத்துக்குள் இன்னொரு வீடு வாங்கவோ மூன்று வருடத்துக்குள் கட்டவோ போட்டால் விலக்கு உண்டு.

வீடு மாறுவது

முதலில் முடுக்கை அளங்கள். எங்கள் முடுக்குக்குள் குட்டியானை வண்டி நுழையவில்லை. தெருமுனையில் நிறுத்தி, ஒவ்வொரு சாமானையும் தோளில் சுமந்தோம். அதனால் ஆள்கூலி இரண்டு மடங்கு. பீரோ, கட்டில் எல்லாவற்றையும் முந்தின நாளே பிரித்துவையுங்கள்.

பித்தளைத் தவலை, உருளி, குத்துவிளக்கு இதெல்லாம் விற்பதென்றால் எடைக்குப் போடாதீர்கள். காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. அங்கே போட்டோ அனுப்பி விலை கேட்டுவிட்டு, பிறகு உள்ளூர்க் கடையில் பேசுங்கள். சாமானுக்குள் காகிதம் கலக்கவிடாதீர்கள். பத்திரம், ரேஷன் அட்டை, நகை, மருந்து இவை நான்கும் உங்கள் மடியில் வரட்டும், வண்டியில் வேண்டாம்.

புது வீட்டில் பால் காய்ச்சும் நாளைப் பதிவுத் தேதிக்கு ரொம்ப நெருக்கமாக வைக்காதீர்கள். சர்வர் இல்லை, ஒரு கையெழுத்துக்காரர் வரவில்லை என்று பதிவு தள்ளிப்போகும். நல்ல நாளில் டோக்கனுக்குக் கூட்டமும் அதிகம்.

சாவி கொடுப்பதற்கு முன் மின் மீட்டரில் இருக்கும் எண்ணைப் போட்டோ எடுத்து வாங்கியவருக்கு அனுப்புங்கள். இணைப்புப் பெயர் மாற்றம் அவர் வேலை, ஆனால் மனு போட்டாரா என்று ஒரு மாதம் கழித்துக் கேளுங்கள். சொத்து வரியை அந்த அரையாண்டு வரை கட்டி ரசீதைக் கையில் கொடுங்கள். குடும்ப அட்டை, ஆதார், வாக்காளர் அட்டை, கேஸ் முகவரிகளை முதல் மாதத்துக்குள் மாற்றிவிடுங்கள்.

எங்களிடம் எடுக்க முடியாமல் நின்றவை இரண்டு. ஒன்று ரெண்டாங்கட்டில் இருந்த, தானியம் சேமிக்கும் மண் குலுக்கை. உறை உறையாக அந்த அறைக்குள்ளேயே அடுக்கிச் செய்தது, எந்த வாசல் வழியாகவும் வராது. இன்னொன்று அடுக்களைத் தரையில் பாதி புதைந்து கிடந்த ஆட்டுரல். கடப்பாரை போட்டால் தளம் பெயரும். வாங்கியவர் வீட்டம்மா வந்து அதன் குழவியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "இது இருக்கட்டும் அண்ணாச்சி, நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார். ஒப்பந்தத்தில் 'அசையாப் பொருள்' என்று கையால் எழுதிச் சேர்த்துக்கொண்டோம்.